மழைக்கு முன் கரையேறும் மோட்டார் படகுகள்
பங்கா உடையாமல் டிரெய்லரில் ஏற்றுவது எப்படி?

மே மாதக் கடைசியில் மும்பைத் துறைமுகப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். அதுவரை கேட்வே ஆஃப் இந்தியா அருகிலும், எதிர்க்கரையில் மாண்ட்வாவிலும் நங்கூரமிட்டு ஆடிக்கொண்டிருந்த சிறு மோட்டார் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறத் தொடங்கும். மழைக்காலம் வந்துவிட்டால் கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகும் பயணிகள் படகுகள் ஆகஸ்ட் முடியும் வரை ஓடுவதில்லை. மேற்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடிப்புக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. பெரிய படகுகள் பாதுகாப்பான இடம் தேடிப் போகின்றன. இருபது, இருபத்தைந்து அடி நீளமுள்ள வேகப் படகுகளுக்கு அந்த வசதி இல்லை. அவற்றை டிரெய்லர் வண்டியில் ஏற்றி, டிராக்டரையோ ஜீப்பையோ பூட்டி, தரைக்கு இழுத்துக்கொண்டு போய் மூடி வைக்க வேண்டியதுதான்.

ஏற்றும் வேலை சரியாக நடந்தால் பத்து நிமிஷம். தவறாக நடந்தால் இரண்டு விநாடியில் முடிந்துவிடும், படகின் பின்னால் தொங்கும் டிரைவும் அதன் புரொப்பெல்லரும் சேர்ந்து. அதைச் சீர்செய்ய ஆகும் செலவு, அந்தப் படகில் வேலை செய்யும் கலாசியின் பல மாதச் சம்பளத்துக்கு ஈடாகிவிடும். உடைந்தது யாரால் என்ற பேச்சு எழும்போது, பெரும்பாலும் விரல் நீளுவதும் அந்தக் கலாசியின் பக்கம்தான்.

பங்கா என்பது என்ன?

புரொப்பெல்லரை மும்பைக் கரையில் யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. எல்லோருக்கும் அது 'பங்கா'. மின்விசிறிக்கும் அதே பெயர்தான் என்பதால், புதிதாக வேலைக்கு வரும் நம் ஊர்ப் பையன்கள் முதல் நாள் கொஞ்சம் குழம்புவதுண்டு.

இந்தப் பங்காவைப் பற்றிப் பழைய கதை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற விவசாயி 1836-ல் திருகு வடிவப் புரொப்பெல்லருக்குக் காப்புரிமை பெற்றார். மரத்தில் செய்த நீளமான திருகு அது. 1837-ல் லண்டன் கால்வாயில் சோதனை ஓட்டம் விட்டபோது அதில் பாதி உடைந்து போயிற்று. படகு நின்றுவிடும் என்று பார்த்தால், முன்னைவிட வேகமாக ஓடியது! நீளம் குறைந்தால் வேலை நன்றாக நடக்கும் என்பது அப்படித்தான் தெரிய வந்தது. பங்கா உடைந்து லாபம் கண்ட சம்பவம் அதற்குப் பின் நடந்ததாகத் தெரியவில்லை.

இன்றைய சிறு படகுகளில் இரண்டு விதமான அமைப்பு அதிகம். ஒன்று அவுட்போர்டு. இன்ஜின், கியர், பங்கா மூன்றும் ஒரே தூணாகப் படகின் பின்பலகையில் தொங்கும். அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் 1909-லேயே இதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். மற்றது ஸ்டெர்ன் டிரைவ். இதில் இன்ஜின் படகுக்குள் இருக்கும். பின்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் டிரைவ் மட்டும் தண்ணீரில் தொங்கும். வோல்வோ பென்டா நிறுவனம் 1959-ல் நியூயார்க் கண்காட்சியில் இதைக் காட்டிய பிறகு உலகெங்கும் பரவியது.

இரண்டிலும் ஒரு விஷயம் பொது. டிரைவ் படகின் அடிமட்டத்தைவிடத் தாழ்வாகத் தொங்குகிறது. கடலில் அது பலம். கரையில் அதுவே பலவீனம். தரையில் முதலில் முட்டுவது அதுதான். டிரைவின் கீழ்நுனியில் மீன் துடுப்புப் போல ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்கெக் என்று பெயர். பங்காவுக்கு முன்னால் அடி வாங்கிக்கொள்ளவே அது இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அலுமினியத் தகடு எத்தனை அடி தாங்கும்?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்தப் படகுகளுக்குத் தனியாகச் சுக்கான் கிடையாது. டிரைவ் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் படகு திரும்பும். ஆகவே டிரைவில் விழுந்த அடி வேகத்தை மட்டும் கெடுப்பதில்லை, திசையையும் கெடுத்துவிடும்.

மும்பைக் கடலின் குணம்

தூத்துக்குடியிலோ சென்னையிலோ கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மும்பைக் கடல் ஒரு புதுப் பாடம். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது நாலு மீட்டரையும் தாண்டும். மராத்தியில் 'பர்தி' என்றால் ஏற்றம். 'ஓஹோட்டி' என்றால் வற்றம். மழைக்காலத்தில் அலை 4.5 மீட்டருக்கு மேல் உயரும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே அறிவிப்பதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். தாழ்வான பேட்டைகளில் குடியிருப்போர் அந்தப் பட்டியலை வெள்ளத்துக்குப் பயந்து படிக்கிறார்கள். படகுக்காரர்கள் அதே மாதிரிப் பட்டியலை வேறு காரணத்துக்காகப் படிக்கிறார்கள்.

ஏற்றத்திலிருந்து வற்றத்துக்குக் கடல் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒரே சீராக இறங்குவதில்லை. முதல் மணியில் கொஞ்சம். நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் மொத்தத்தில் ஏறத்தாழ பாதி இறங்கிவிடும். நாலு மீட்டர் வித்தியாசமுள்ள நாளில், அந்த நடுவேளையில் அரை மணி நேரத்துக்கு அரை மீட்டர் தண்ணீர் போய்விடுகிறது. டிராக்டர்காரர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பங்காவுக்கு அடியில் இருந்த இடைவெளி மறைந்துவிடும்.

இதனால்தான் விவரம் தெரிந்த தண்டேல், கடல் இறங்கும்போது படகை ஏற்ற ஒப்புவதில்லை. உச்ச ஏற்றத்துக்கு ஒன்று ஒன்றரை மணி நேரம் முன்னதாக, தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போது வேலையைத் தொடங்குவார். படகு எங்காவது தட்டி நின்றால்கூட, கொஞ்ச நேரத்தில் கடலே அதைத் தூக்கிவிடும். இறங்குகடலில் தட்டினால் கதை வேறு. அடுத்த ஏற்றம் வரை படகின் பாரம் முழுவதும் டிரைவின் மேல் உட்கார்ந்திருக்கும். (தண்டேல் என்பது படகுத் தலைவர். நம் கடற்கரையில் வழங்கிய 'தண்டல்' என்ற சொல்லும் இதுவும் உறவு.)

உச்ச ஏற்றம் நாளுக்கு நாள் சுமார் ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். நேற்று பத்து மணிக்கு ஏற்றினோம், இன்றும் பத்துக்கே வரச் சொல்லுங்கள் என்று ஆபீசிலிருந்து உத்தரவு போடும் முதலாளிகள் உண்டு. கடல் அந்த உத்தரவைப் படிப்பதில்லை.

டிரெய்லர் எவ்வளவு ஆழம் போக வேண்டும்?

தவறுகளில் பெரும்பங்கு இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. டிரெய்லரில் படகு அமர்வதற்குக் கம்பளம் போர்த்திய நீளமான மரக்கட்டைகள் இருக்கும். அவற்றில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, தண்ணீருக்குள் இருந்தால் நல்லது. முன்பகுதி வெளியே தெரிய வேண்டும். இது பொதுக் கணக்கு. சாய்தளத்தின் சரிவுக்கேற்பச் சற்றுக் கூடக்குறைய இருக்கலாம்.

ஆழம் போதாமல் போனால் படகின் மூக்கு மட்டும் கட்டையில் ஏறும், உடம்பு ஏறாது. உடனே ஓட்டுகிறவர் என்ன செய்வார்? இன்ஜினை முறுக்குவார். மூக்கு மேலே எழும். பின்புறம் கீழே அமுங்கும். டிரைவ் தரையைத் தேடிப் போகும். பங்கா உடைவதில் பெரும்பாலானவை இந்த அவசர முறுக்கில்தான்.

ஆழம் அதிகமாகிவிட்டால் ஆபத்தில்லை என்றுதான் தோன்றும். படகு கட்டைகளுக்கு மேலே சுகமாக மிதக்கும். ஆனால் மிதக்கும் படகை அலையும் காற்றும் ஒரு பக்கம் தள்ளுகின்றன. வண்டியை மேலே இழுக்கும்போது அது கோணலாக அமரும். ஒரு பக்கக் கட்டையைவிட்டுப் பின்புறம் நழுவி இறங்கினால், டிரைவ் அந்தப் பக்கமாகச் சாய்ந்து தளத்தில் உரசும். அதனால்தான் டிரெய்லரின் பின்னால் இரண்டு பக்கமும் வழிகாட்டிக் கம்பங்கள் நட்டு வைக்கிறார்கள். இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள்தான். ஆனால் தண்ணீருக்குள் மூழ்கிய டிரெய்லர் எங்கே இருக்கிறது என்று படகிலிருந்து பார்ப்பவருக்கு அவைதான் கண்.

டிரெய்லரைத் தண்ணீரில் இறக்குமுன் சற்று நேரம் நிறுத்தி வைப்பது நல்லது. சாலையில் ஓடிச் சூடேறிய சக்கரக் குடம் திடீரென்று குளிர்ந்த நீரில் மூழ்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். பேரிங் துருப்பிடித்து, நடுச் சாலையில் சக்கரம் சிறைபட்டு நின்ற டிரெய்லர்கள் ஏராளம்.

இன்ஜினால் ஏற்றாதே, கயிற்றால் ஏற்று

படகை மெதுவாக, நேராக, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு கொண்டுவர வேண்டும். மூக்கு கட்டையைத் தொட்டதும் கியரை நியூட்ரலுக்கு மாற்றி, இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். பிறகு டிரைவை உயரத் தூக்க வேண்டும். மிச்ச தூரத்தை விஞ்ச் பார்த்துக்கொள்ளும். கைப்பிடியைச் சுற்றச் சுற்றப் படகு தானாக ஏறி, முன்னால் உள்ள ரப்பர் தாங்கியில் மூக்கைப் பதித்துக்கொள்ளும்.

கேட்க எளிது. ஆனால் விஞ்ச் சுற்ற நேரமாகும், கை வலிக்கும். ஆகவே பலர் இன்ஜின் பலத்திலேயே படகை வண்டிமேல் ஓட்டி ஏற்றுகிறார்கள். பார்ப்பவர்களுக்குச் சாகசமாக இருக்கும். இதனால் வரும் கெடுதல் ஒன்றல்ல.

அவுட்போர்டு இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர், டிரைவின் கீழ்ப்பகுதியில் உள்ள துளைகள் வழியாகத்தான் உள்ளே போகிறது. மும்பைத் துறைமுகத்தின் கலங்கிய சேற்று நீர் எல்லோருக்கும் தெரிந்ததே. கரையோரத்தில் இன்ஜினை முறுக்கினால் பங்கா கிளப்பும் சேறும் மணலும் அந்தத் துளைகளுக்குள் போகின்றன. உள்ளே சுழலும் ரப்பர் பம்பை அவை அரம் போல் தேய்த்துவிடுகின்றன. சரி என்று டிரைவைத் தண்ணீருக்கு வெளியே தெரியும்படி தூக்கிவைத்து ஓட்டினால், துளைகளில் தண்ணீர் ஏறாது. உலர்ந்து சுழலும் ரப்பர் பம்பு சீக்கிரமே கருகிப்போகும். ஸ்டெர்ன் டிரைவிலோ இன்னொரு தொல்லை. முழுக்கத் தூக்கிய நிலையில் ஓட்டினால் உள்ளே இருக்கும் மூட்டு இணைப்பு வளைந்த கோணத்தில் சுழன்று சேதமாகும். டிரெய்லர் பயணத்துக்காகத் தூக்கும் உயரம், ஓடுவதற்கான உயரமல்ல. இரண்டுக்கும் தனித்தனி எல்லை இருக்கிறது.

மூன்றாவது கெடுதல் நமக்கல்ல, அடுத்தவருக்கு. ஒவ்வொரு படகும் இப்படி முறுக்கி ஏறும்போது, சாய்தளத்தின் கான்கிரீட் முடியும் இடத்தில் மண் அரித்துப் பள்ளம் விழுகிறது. அரித்த மண் சற்றுத் தள்ளி மேடாகக் குவிகிறது. அடுத்து வரும் டிரெய்லரின் சக்கரம் பள்ளத்தில் இறங்கிக் கான்கிரீட் விளிம்பில் மாட்டிக்கொள்கிறது. அடுத்து வரும் படகின் பங்கா மேட்டில் இடிக்கிறது. தண்ணீருக்கு மேலே ஒன்றும் தெரியாது. வற்றத்தின்போது ஒருமுறை போய்ச் சாய்தளத்தின் நுனியைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவது இதற்காகத்தான். அரைமணி நேர நடை. அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. ஆனாலும் நல்ல கலாசி போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

பின்னால் நிற்காதே!

பங்கா உடைந்தால் புதிது வாங்கலாம். கால் போனால்?

படகு ஏற்றும் இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, படகின் பின்புறத்தைக் கையால் தள்ளிக்கொடுக்கும் வழக்கம் எங்கும் இருக்கிறது. கோணலாகப் போகும் படகை நேராக்க அதுதான் சுலபம். ஆனால் அப்படி நிற்பவருக்கு ஓர் அடி தூரத்தில் பங்கா இருக்கிறது. ஓட்டுபவர் நியூட்ரலில் போட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். கியர் கம்பி தேய்ந்திருந்தால் பங்கா மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும். கலங்கிய தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரியாது.

அனுபவமுள்ள மேஸ்திரிகள் புதுப் பையனுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது முடிச்சுப் போடுவதை அல்ல.

"தம்பி, சாவி எங்கே இருக்கு?"

"இன்ஜின்லதான் இருக்கு அண்ணே. ஆனா நியூட்ரல்."

"நியூட்ரல்ங்கிறது அவரு சொல்ற வார்த்தை. சாவி என் கைக்கு வந்தாத்தான் நீ தண்ணியில இறங்கணும்."

வேகப் படகுகளில் ஓட்டுபவரின் உடம்போடு மாட்டிக்கொள்ளும் சிவப்புச் சுருள் கயிறு ஒன்று உண்டு. அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். கரைக்கு வந்துவிட்டோமே என்று அதை முதலில் கழற்றிவிடுகிறார்கள். பக்கத்தில் ஆட்கள் தண்ணீரில் நிற்பது கரையில்தான். அது மிகவும் தேவைப்படுவதும் அப்போதுதான்.

பாசி படிந்த சாய்தளமும் சாமானியமல்ல. அலை ஏறி இறங்கும் பகுதி முழுவதும் வழுக்கும். செருப்போடு இறங்குவதும் ஆபத்து, வெறுங்காலோடு இறங்கினால் கொட்டலசுச் சிப்பி கிழிக்கும். அடிப்பகுதி வரியிட்ட ரப்பர் காலணிதான் சரி. விஞ்ச் வார் இறுகியிருக்கும்போது அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் சாட்டைபோல் வரும். மூக்கு முழுக்கப் பதிந்ததும் வாரை மட்டும் நம்பாமல் சங்கிலியையும் கொக்கியில் மாட்டிவிட வேண்டும். மாட்டாமல் மேட்டில் இழுத்து, வார் அறுந்து படகு பின்னோக்கிச் சரிந்தால், மொத்தப் பாரமும் டிரைவின் மேலேயே விழும்.

இரட்டை இன்ஜின் படகுகள்

பெரிய வேகப் படகுகளில் இரண்டு டிரைவ்கள் இருக்கும். இங்கே ஒரு புதுச் சிக்கல். படகின் அடிப்பாகம் ஆங்கில 'வி' எழுத்தைப் போலக் கூரானது. கட்டைகளில் சரியாக நடுவில் அமராமல் சற்றுச் சாய்ந்தாலும், ஒரு டிரைவ் உயர்ந்து மற்றது தாழ்ந்துவிடும். உயர்ந்த பக்கம் நிற்பவர் "போகலாம்" என்று கை காட்டுவார். தாழ்ந்த பக்கம் ஸ்கெக் கான்கிரீட்டில் கோடு கிழித்துக்கொண்டு வரும். ஆகவே இரண்டு பக்கமும் ஆள் நின்று, இருவரும் சம்மதித்த பிறகுதான் டிராக்டர் நகர வேண்டும். இரண்டு டிரைவும் தூக்கியாயிற்றா என்று விசைப் பலகையில் உள்ள முள்ளைப் பார்த்துச் சொல்வது போதாது. முள் பொய் சொல்லும். இறங்கிப் பார்க்க வேண்டும்.

இரட்டை இன்ஜின்களில் பெரும்பாலும் ஒரு பங்கா வலப்பக்கமாகவும் மற்றது இடப்பக்கமாகவும் சுழலும். மழைக்காலத்தில் கழற்றி வைத்துவிட்டு மறுபடி மாட்டும்போது மாற்றி மாட்டிவிட்டால், படகு என்ன செய்வது என்று தெரியாமல் தத்தளிக்கும். கழற்றும் அன்றைக்கே பெயிண்டால் குறியிட்டு வைப்பது உத்தமம். 1982-ல் வோல்வோ பென்டா கொண்டுவந்த அமைப்பில் ஒரே டிரைவில் இரண்டு பங்காக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. ஓட்டம் பிரமாதம். அடிபட்டால் செலவும் இரட்டிப்பு.

சாலையில் வரும் ஆபத்து

படகு தண்ணீரைவிட்டு வந்ததும் எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். அது சற்று முந்திய பெருமூச்சு. டிரெய்லரின் சக்கரத்துக்குப் பின்னால் படகின் வால் சில அடிகள் நீண்டிருக்கிறது. டிராக்டர் ஒரு மேட்டில் ஏறத் தொடங்கி, டிரெய்லர் சக்கரம் இன்னும் பள்ளத்தில் இருக்கும்போது முன்பக்கம் தூக்கும், வால் தாழும். வேகத்தடையைத் தாண்டிச் சக்கரம் பொத்தென்று இறங்கும்போதும் அப்படியே. கடற்கரையில் தப்பித்த ஸ்கெக், பெட்ரோல் பங்க் வாசலில் உள்ள சாக்கடை வாய்க்காலைக் கடக்கையில் உடைவதுண்டு. மும்பைச் சாலைக் குழிகளைப் பற்றி வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதற்காக அவுட்போர்டை உச்சி வரை தூக்கி வைத்துக்கொண்டு ஓடுவதும் சரியல்ல. கனமான இன்ஜின் நெம்புகோல் போல ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்பலகையை இழுக்கும். பலகை விரிசல் விடும். தரையில் தட்டாத அளவுக்கு மட்டும் தூக்கி, டிரைவுக்கும் டிரெய்லர் சட்டத்துக்கும் இடையே ஒரு முட்டுக்கம்பியைக் கொடுத்துக் கட்டிவிட வேண்டும். இன்ஜினோடு வரும் சிறிய தாங்குகொக்கி படகு நிற்கும்போது பயன்படுத்தத்தான். சாலைக் குலுக்கலுக்காகச் செய்ததல்ல. எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் கருவியையும் நம்ப வேண்டாம். எண்ணெய் மெல்லக் கசிந்தால் டிரைவ் தானாக இறங்கி வந்துவிடும். ஓட்டுபவருக்கோ முன்னால் உட்கார்ந்திருப்பதால் ஒன்றும் தெரியாது.

பங்காவுக்கு ஒரு சாக்குப் பையோ, தடித்த கான்வாஸ் உறையோ மாட்ட வேண்டும். பங்காவைக் காப்பாற்ற மட்டுமல்ல. சிக்னலில் நிற்கும் வண்டிக்குப் பின்னால் வந்து நிற்பவர் பைக்காரர். அவர் முகத்துக்கு நேரே கத்தி போன்ற மூன்று இதழ்கள். பகலில் சிவப்புத் துணியும், இரவில் சிவப்பு விளக்கும் வாலின் நுனியில் தெரிய வேண்டும்.

அடிபட்டதை அறிவது எப்படி?

சிறு அடிகள் உடனே தெரிவதில்லை. இதழின் விளிம்பில் ஒரு பல் போன்ற சிறு பள்ளமானால் அரத்தால் இழைத்துச் சமன் செய்யலாம். இதழே வளைந்திருந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தும் கைவைத்தியம் வேண்டாம். மூன்று இதழும் ஒரே சாய்விலும் ஒரே எடையிலும் இருந்தால்தான் அதிர்வு வராது. அதிர்வோடு ஓடினால் தண்டும், அதைச் சுற்றியுள்ள சீல் வளையமும் தேயும். அந்த வழியே கடல்நீர் கியர் எண்ணெயில் கலக்கும்.

பங்காவில் அலுமினியமும் உண்டு, எவர்சில்வரும் உண்டு. எவர்சில்வர் உறுதியானது என்று அதை மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. அலுமினியம் தான் வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். எவர்சில்வர் வளையாமல் அதிர்ச்சியைக் கியருக்குள் அனுப்பிவிடக்கூடும். அதைத் தடுக்கவே பங்காவின் நடுக்குடத்தில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ வைத்த புதை வளையம் இருக்கிறது. கடும் அடி விழுந்தால் அது வழுக்கி, கியரைக் காப்பாற்றும். இன்ஜின் உறுமுகிறது, படகு மட்டும் நகரவில்லை என்றால் அந்த வளையம் போய்விட்டது என்று பொருள்.

கரையேற்றிய பின் கியர் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பது அவசியம். எண்ணெய் பாலும் காபியும் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படியே மூன்று மாதம் விட்டுவிட்டால், செப்டம்பரில் கியர் துருப்பிடித்த கட்டியாகத்தான் கிடைக்கும். பங்காவைக் கழற்றி, தண்டில் தூண்டில் நரம்போ வலை நூலோ சுற்றியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த நரம்பு சூடேறிச் சீல் வளையத்தை அறுத்துவிடும். மீனவர் வலைகள் நிறைந்த இந்தத் துறைமுகத்தில் இது சர்வ சாதாரணம்.

நல்ல தண்ணீரை இன்ஜினுக்குள் ஓடவிட்டு உப்பைக் கழுவிய பிறகு, அவுட்போர்டை நிமிர்த்தி, அதாவது டிரைவைக் கீழே இறக்கி வைப்பதே மழைக்கு நல்லது. உள்ளே தங்கிய நீர் வடிந்துவிடும். தூக்கிய நிலையில் விட்டால், புகைபோகும் வழியாகப் பங்காவின் குடத்துக்குள் மழைநீர் விழுந்து தேங்கும். தரையில் முட்டாமல் இருக்க, டிரெய்லரைச் சற்றே சரித்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் சரித்தால் வால் உயரும் என்று பார்த்துச் செய்தால் போதும்.

டிரைவில் பதித்திருக்கும் துத்தநாகக் கட்டிகளைப் பலர் கவனிப்பதே இல்லை. உப்புநீரின் அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு அலுமினியத்தைக் காப்பாற்றும் கட்டிகள் அவை. பாதி கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். அழகுக்காக அவற்றின் மேல் பெயிண்ட் அடித்தால் அவை வேலை செய்யாது. அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்க அடிக்கும் செம்பு கலந்த பெயிண்டை அலுமினிய டிரைவில் அடிப்பது அதைவிடப் பெரிய தவறு. செம்பும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்தால் கரைவது அலுமினியம்தான்.

செலவு யார் தலையில்?

இனி, கலாசியின் விஷயத்துக்கு வருவோம். படகு கரையேறியதும் பங்காவில் ஒரு வளைவு தெரிகிறது. அது இன்று ஏற்றும்போது வந்ததா, போன மாதம் முதலாளியின் விருந்தாளி மணல்திட்டில் ஓட்டியபோது வந்ததா? யாருக்கும் தெரியாது. ஆனால் இன்று தண்ணீரில் நின்றவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். தினக்கூலிக்கு வந்தவராக இருந்தால் கூலியில் பிடித்துக்கொள்வதும் நடக்கிறது.

இதற்குச் சுலபமான தற்காப்பு ஒன்று உண்டு. படகு சாய்தளத்தை நெருங்குமுன், ஆழமான இடத்திலேயே இன்ஜினை நிறுத்தி, டிரைவை முழுக்கத் தூக்கச் சொல்லி, பங்காவையும் ஸ்கெக்கையும் செல்போனில் படம் எடுத்துவிட வேண்டும். அப்போது தேதியும் நேரமும் தானே பதிவாகும். டிரெய்லரில் அமர்ந்ததும் இன்னொரு படம். இரண்டையும் தண்டேலுக்கும் ஆபீசுக்கும் அனுப்பிவிட்டால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. ஆபீசில் உட்கார்ந்து பழுதுச் செலவுக் கணக்கு எழுதும் குமாஸ்தாக்களும் இதில் உதவலாம். ஏற்றிய தேதி, உச்ச ஏற்ற நேரம், ஓட்டியவர் பெயர், டிரைவின் நிலை இவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்விகளும் இவையே. கடைநிலை ஊழியர் ஒருவரின் கூலி அந்த ஒரு பக்கத்தால் காப்பாற்றப்படலாம்.

செப்டம்பரில் படகு மறுபடி தண்ணீரைத் தொடும்போது, முதல் ஓட்டம் கூட்டமில்லாத இடத்தில் நடக்க வேண்டும். 2024 டிசம்பர் 18 அன்று மும்பைத் துறைமுகத்தில் இன்ஜின் சோதனையில் இருந்த கடற்படையின் வேகப் படகு கட்டுப்பாட்டை இழந்து, எலிபெண்டா போய்க்கொண்டிருந்த 'நீல்கமல்' பயணிகள் படகில் மோதியது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இன்ஜின் கோளாறு என்று கடற்படை தெரிவித்தது. டிரெய்லருக்கும் அந்த விபத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வேலை பார்த்துவிட்டு இறக்கும் படகை எங்கே ஓட்டிப் பார்ப்பது என்ற கேள்வியை அது எல்லோர் முன்பும் வைத்துவிட்டது. கரையை விட்டு விலகி, பயணிகள் படகுகளின் பாதையையும் விட்டு விலகி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, கியர் முன்னும் பின்னும் சரியாக விழுகிறதா என்று மெதுவான வேகத்தில் சோதித்த பிறகே முறுக்க வேண்டும்.

படகுக்குள் ஒரு சிறு டப்பாவில் பங்காவின் மறையாணி ஒன்றும், அதைப் பூட்டும் பிளவூசிகள் நாலைந்தும், பொருத்தமான ஸ்பானரும் இருக்கட்டும். அந்த ஊசி இல்லாமல் மாட்டிய மறை நடுக்கடலில் கழன்று, பங்காவே அடியில் போய்விடும். டிரெய்லரைத் தண்ணீரில் இறக்குமுன், படகின் அடியில் மழைநீர் வடியத் திறந்து வைத்த தக்கையை மாட்டியாயிற்றா என்பதையும் ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.